யாரை வாத்தியார் என்று எழுதுவது?

1

எங்க அப்பா தென்மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு அறையில் வேலை பார்த்தார். பதிவேட்டில் அவர் அட்டெண்டர். ஊர்க்காரர்களுக்கு அவர் 'பொணம் அறுக்கிறவன்'. வேலை முடிந்து வந்தால் கிணற்றடியில் குளித்துவிட்டு வரச் சொல்லித்தான் அம்மா வீட்டுக்குள் விடும். எத்தனை சோப்புப் போட்டாலும் ஃபார்மலின் நெடி போகாது. சோறு பிசைந்து எங்களுக்கு ஊட்டும்போது கையிலிருந்து அந்த நெடி வரும். எங்களைப் பொறுத்தவரை அதுதான் அப்பா வாசனை.

அவர் படிச்சது அஞ்சாவது வரைக்கும்தான். ஆனா கன்னிங்ஹாம் புத்தகத்தில் உள்ள படங்களில் எது எங்கே ஓடுகிறது என்பது அவருக்குக் கைப்பாடம். பேராசிரியர் கரும்பலகையில் படம் போட்டு விளக்கிவிட்டு அறைக்குப் போய்விடுவார். முதலாண்டு மாணவர்கள் மேசையைச் சுற்றிக் கத்தியும் கையுமாக நிற்பார்கள். அக்குளுக்குள் கிடக்கும் நரம்புக்கொத்தை அறுபடாமல் பிரித்தெடுக்கிறது லேசான காரியமில்லை. அப்பதான் அப்பா பக்கத்தில் போய் நிற்பாராம். "கத்தியத் திருப்பிப் பிடிங்க சார். பிடியால நெம்புங்க. கொழுப்புத்தான் வழிவிடும், நரம்பு அறுபடாது." பதினேழு, பதினெட்டு வயசுப் பிள்ளைகளை அவர் 'சார்' என்பார். அவர்கள் அவரைப் பெயர் சொல்லி, ஒருமையில் கூப்பிடுவார்கள்.

ஒரு வருசம் ஆசிரியர் தினத்துக்கு மாணவர்கள் ஓட்டுப் போட்டு நல்லாசிரியரைத் தேர்ந்தெடுத்தார்கள். சீட்டைப் பிரித்து எண்ணியபோது பதினொரு சீட்டில் அப்பா பேர் இருந்ததாம். அட்டெண்டருக்குப் போட்ட ஓட்டு செல்லாது என்று அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். அப்பா இதை எங்களிடம் சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாரு. அந்தப் பதினொரு பேர் யார் யார் என்று மட்டும் கடைசிவரைக்கும் யோசித்துக்கொண்டே இருந்தார்.

மருத்துவக் கல்லூரியில் நல்ல கற்பித்தலை எப்படி மதிப்பது, எப்படிக் கைதூக்கிவிடுவது என்று பேசுகிறவர்கள் இன்று நிறையப் பேர். அந்தப் பேச்சை நான் இந்தச் செல்லாத ஓட்டிலிருந்துதான் தொடங்க முடியும். நல்ல ஆசிரியர் யார் என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஆசிரியர் என்று யாரைக் கணக்கில் எடுக்கிறோம்?

2

சில வருசங்களுக்கு முன் ஒரு மருத்துவ மாணவத் தோழர் ஒரு குறுந்தகடு கொண்டுவந்து கொடுத்தார். 2004-இல் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட படம். "ஒங்கப்பா கதை மாதிரியே இருக்குண்ணே, பாருங்க" என்றார். விவியன் தாமஸ் என்ற கருப்பின மனிதரின் கதை அது. பார்த்துவிட்டு, தாமஸ் தானே எழுதிய வாழ்க்கை வரலாற்றையும் தேடிப் படித்தேன். அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரை எடுத்துத்தான் 1972-இல் மும்பையில் தலித் சிறுத்தைகள் கிளம்பினார்கள். அந்த உறவின் உரிமையில் இந்த வரலாற்றை இங்கே சொல்கிறேன்.

தாமஸ் பிறந்தது 1910-இல், லூசியானா மாநிலத்தில். வளர்ந்தது நாஷ்வில் நகரத்தில். அப்பா தச்சர். மகனும் உளியும் இழைப்புளியும் பழகினார்.

அவர் பிறந்த அதே 1910-இல்தான் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் கார்னகி அறக்கட்டளைக்காக அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். மருத்துவக் கல்வியை ஒழுங்குபடுத்திய அறிக்கை என்று இன்றைக்கும் புகழப்படுகிறது. அதன் மறுபக்கம் என்ன? அப்போது கருப்பர்களுக்கென்று ஏழு மருத்துவக் கல்லூரிகள் இருந்தன. இரண்டு தேறும், மற்றவை தேறாது என்றது அறிக்கை. பதினைந்து ஆண்டுகளுக்குள் ஐந்தும் மூடப்பட்டன. ஹோவர்டும் மெஹாரியும் மட்டுமே மிஞ்சின. தரம் என்ற சொல் எங்கே வந்தாலும் நாம் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருப்பது இதனால்தான். தரத்தை உயர்த்தியவர்கள், அந்தத் தரத்தை எட்டக் கருப்பர் கல்லூரிகளுக்கு வேண்டிய பணத்தைக் கொடுக்கவில்லை. கதவைத்தான் சாத்தினார்கள்.

அந்த அறிக்கை எல்லோருக்கும் முன்மாதிரியாகக் காட்டிய கல்லூரி, பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ். 1913-இல் ராக்ஃபெல்லர் பணத்தில் நடந்த பொதுக் கல்வி வாரியம் அந்தக் கல்லூரிக்கு 15 லட்சம் டாலர் கொடுத்தது. எதற்கு? மருத்துவப் பேராசிரியர்கள் வெளியே தொழில் செய்து சம்பாதிக்க அலையாமல், முழுநேரமும் கற்பிக்கவும் ஆராயவும் வேண்டும் என்பதற்கு. ஆசிரியருக்குச் சோற்றுக் கவலை இருந்தால் பாடம் நடக்காது என்பது அவர்களுக்கு 1913-லேயே தெரிந்திருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

தாமஸுக்கு டாக்டராக வேண்டும் என்று ஆசை. உயர்நிலைப் பள்ளியை நல்லபடியாக முடித்தார். தச்சு வேலை செய்து கல்லூரிக்கென்று பணம் சேர்த்தார். பெருமந்தம் வந்தது. பணம் போட்ட வங்கி திவாலானது. சேமிப்பெல்லாம் போச்சு.

1930 பிப்ரவரியில் நாஷ்வில்லில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபிரட் ப்ளாலாக் என்ற வெள்ளை அறுவை மருத்துவரின் ஆய்வகத்தில் எடுபிடியாகச் சேர்ந்தார். வாரத்துக்கு 12 டாலர். கொஞ்ச நாளிலேயே நாய்களுக்கு மயக்கம் கொடுக்கவும் அறுக்கவும் தைக்கவும் கற்றுக்கொண்டார். அதிர்ச்சி நிலையில் உடம்புக்குள் இரத்தம் என்னவாகிறது என்று ப்ளாலாக் செய்த பேர்பெற்ற ஆய்வுகளில் தாமஸின் கை இருந்தது. ஆனால் சம்பளப் பட்டியலில் அவர் துப்புரவுப் பணியாளர் வகையில் இருந்தார். சக கருப்பின ஊழியர் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்கே இது தெரிய வந்தது. செய்கிற வேலை ஒன்று, பதிவேட்டில் எழுதுகிற பெயர் ஒன்று. நம்ம ஆளுங்களுக்கு இது புதுசா என்ன?

ஒருதடவை ப்ளாலாக் கெட்ட வார்த்தையில் கத்தியிருக்கிறார். இப்படிப் பேச்சு வாங்க நான் வளர்க்கப்படவில்லை, சம்பளத்தைக் கொடுத்தால் போய்விடுகிறேன் என்று தாமஸ் நேருக்கு நேர் சொல்லிவிட்டார். ப்ளாலாக் மன்னிப்புக் கேட்டார். எங்க அப்பாவால் அப்படி ஒருநாளும் சொல்ல முடிந்ததில்லை. அதற்காக நான் அவரைக் குறை சொல்லவில்லை. ஐந்து பிள்ளைகள்.

1941-இல் ப்ளாலாக் ஹாப்கின்ஸுக்குப் போனபோது தாமஸையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கருப்பர்களுக்குத் தனிக் கழிப்பறை. கருப்பர்கள் செய்த வேலை பெரும்பாலும் கூட்டுவதும் துடைப்பதும். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு தாமஸ் தாழ்வாரத்தில் நடந்தபோது ஆட்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

குழந்தை இதய மருத்துவர் ஹெலன் டாசிக் 1943-இல் ஒரு கேள்வியோடு ப்ளாலாக்கிடம் வந்தார். பிறவியிலேயே இதயக் கோளாறு, நுரையீரலுக்குப் போதுமான இரத்தம் போவதில்லை, பிள்ளை நீலம் பாரித்துச் சாகிறது. இரத்தம் போக வேறு வழி பண்ண முடியுமா? வழி கண்டுபிடிக்கிற வேலை தாமஸ் கைக்கு வந்தது. முதலில் அந்த நோயை நாயின் உடம்பில் உண்டாக்க வேண்டும். பிறகு கைக்குப் போகும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்து அதைச் சரிசெய்ய வேண்டும். ஏறத்தாழ இரண்டு வருசம், சுமார் 200 நாய்கள். அவ்வளவு மெல்லிய குழாய்களைத் தைப்பதற்கு ஏற்ற கருவி கிடையாது. ஊசிகளை நறுக்கிக் குட்டையாக்கித் தீட்டி, கருவிகளைத் தானே மாற்றி அமைத்தார். தச்சன் மகன் கை சும்மா இருக்குமா?

1944 நவம்பர் 29. ஐலீன் சாக்ஸன் என்ற பதினைந்து மாதக் குழந்தை, எடை நாலு கிலோவுக்கும் சற்றுக் கூட. அறுவை மேசையில் ப்ளாலாக். அந்த அறுவையைத் தாமஸ் நாய்களில் பலமுறை செய்திருந்தார். ப்ளாலாக் செய்தது ஒரே ஒருமுறை, அதுவும் தாமஸுக்கு உதவியாக நின்று. எனவே தாமஸைக் கூப்பிட்டுத் தன் வலது தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலி மேல் நிற்க வைத்துக்கொண்டார். இந்தத் திசையில் தைக்கலாமா, இந்த அளவு போதுமா என்று கேட்டுக் கேட்டு அறுவையை முடித்தார். குழந்தையின் நீல உதடு நிறம் மாறியது. அந்தக் குழந்தை சில மாதங்களே உயிரோடு இருந்தது என்றாலும், அடுத்தடுத்து நூற்றுக்கணக்கான குழந்தைகள் அதே அறுவையால் பிழைத்தன.

1945 மே மாதம் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ப்ளாலாக், டாசிக். தாமஸ் பெயர் அதில் எங்கேயும் கிடையாது. உலகம் அதை 'ப்ளாலாக்–டாசிக்' இணைப்பு என்று அழைத்தது.

4

அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் விசயத்துக்கு முக்கியம். அந்த அறுவையைக் கற்றுக்கொள்ள இளம் மருத்துவர்கள் ஹாப்கின்ஸுக்கு வந்து குவிந்தார்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? நாய் ஆய்வகத்தில் தாமஸ். எப்படி வெட்டுவது, எங்கே கவ்வியைப் போடுவது, தையல் எப்படி இழுபடாமல் நிற்கும் என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். டென்டன் கூலி அவர்களில் ஒருவர் (நம்ம ஊர்க் கூலி இல்லை, அது அவர் குடும்பப் பெயர்). 1969-இல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு முழுச் செயற்கை இதயம் பொருத்தியவர். தாமஸின் கையில் வீண் அசைவு ஒன்றுகூட இருக்காது என்று பின்னாளில் நினைவுகூர்ந்தவர். அமெரிக்காவின் பெரிய அறுவை மருத்துவத் துறைகளுக்குத் தலைவர்களானவர்கள் பலர் அந்த ஆய்வகத்தில் கை பழகியவர்கள்.

மருத்துவர்களுக்கு மட்டும் அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. தன்னைப் போன்ற கருப்பின இளைஞர்களை ஆய்வக நுட்பராகப் பயிற்றுவித்தார். மின்தூக்கி இயக்கிக்கொண்டிருந்த ஒருவர் அவரிடம் கற்று, இதய அறுவைப் பிரிவில் மருத்துவருக்கு உதவியாளராகும் அளவுக்கு வந்தார். பட்டம் இல்லாத கைகள்மீது அவருக்கு நம்பிக்கை இருந்தது.

பகலில் இப்படிப் பாடம் சொன்ன மனிதர், சம்பளம் போதாமல், ப்ளாலாக் வீட்டு விருந்துகளில் மது ஊற்றிக் கொடுக்கிற வேலை செய்தார். காலையில் தன்னிடம் கற்றுக்கொண்டவர்களுக்கே சாயங்காலம் கோப்பை நிரப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆசிரியர் வெளியே போய்ச் சம்பாதிக்க அலையக்கூடாது என்று 15 லட்சம் டாலர் வாங்கிய கல்லூரி இது! அந்த ஏற்பாடு பேராசிரியர் என்ற பதவிக்கு. கற்பிக்கிறவருக்கு இல்லை.

1946-இல், நாஷ்வில்லுக்கே போய்க் கட்டட வேலை பார்க்கிறேன் என்று அவர் கிளம்பத் துணிந்த பிறகுதான் சம்பளம் கணிசமாக உயர்ந்தது. ஹாப்கின்ஸில் ஆய்வக உதவியாளர்களிலேயே அதிகச் சம்பளம் வாங்குபவரானார். ப்ளாலாக் பேசி வாங்கிக் கொடுத்தார், உண்மைதான். தாமஸ் இல்லாமல் அவர் அடியெடுத்து வைத்ததில்லை என்பதும் உண்மை. ஆனால் ஒரு நல்ல மனிதரின் தயவில் கிடைப்பது உரிமை ஆகாது. அவர் மனசு மாறினால், அல்லது அவர் செத்துப்போனால் என்ன ஆகும்? ப்ளாலாக் 1964-இல் இறந்தார். அதுவரைக்கும் தாமஸுக்குக் கல்லூரி எந்த ஆசிரியப் பதவியும் கொடுத்திருக்கவில்லை.

இந்த இடத்தில் தாமஸின் அண்ணனைப் பற்றிச் சொல்லணும். ஹரால்ட் தாமஸ் நாஷ்வில்லில் பள்ளி ஆசிரியர். ஒரே வேலைக்குக் கருப்பின ஆசிரியருக்குக் குறைந்த சம்பளம் என்பதை எதிர்த்துக் கல்வி வாரியத்தின்மேல் வழக்குப் போட்டார். பின்னாளில், 1967-இல், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கருப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல் அவர் பக்கம் நின்றார். 1942-இல் வழக்கில் வெற்றி. ஹரால்டுக்கு வேலை போயிற்று. ஒருவர் வழக்காடினார், ஒருவர் வாய்மூடி வேலை செய்தார் என்று இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தித் தீர்ப்புச் சொல்வது நமக்குச் சுலபம். ஒரே வீட்டில் இரண்டு பேரும் பசியோடு போராடிய வழிகள் அவை. அப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

5

கடைசியில் மரியாதை வந்தது. அதை முதலில் செய்தவர்கள் மாணவர்கள்தான். 1971-இல் அவரிடம் கை பழகிய அறுவை மருத்துவர்கள் சேர்ந்து அவருடைய உருவப்படத்தை வரையச் செய்தார்கள். அது ஹாப்கின்ஸில் ப்ளாலாக் படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டது. 1976-இல் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. மருத்துவத்தில் கொடுக்க விதி இடம் தரவில்லை என்று சட்டத்தில் கொடுத்தார்கள். அறுவை மருத்துவத்தில் பயிற்றாசிரியர் என்ற பதவியும் கிடைத்தது. அந்த வளாகத்தில் 35 வருசம் சொல்லிக்கொடுத்த பிறகு ஆசிரியர் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. 1979-இல் ஓய்வு. 1985 நவம்பரில் இறந்தார். அவருடைய புத்தகம் அச்சாகி வந்தது அதற்குச் சில நாள் கழித்து.

இன்னொரு கணக்கும் பாருங்கள். ஹாப்கின்ஸில் கருப்பின மாணவர்கள் இருவர் முதன்முதலாக மருத்துவப் பட்டம் பெற்றது 1967-இல். அதாவது, தான் மாணவனாக நுழைய முடியாத கல்லூரியில்தான் தாமஸ் இத்தனை காலம் கற்பித்துக்கொண்டிருந்தார். அவரைத் துப்புரவுப் பணியாளராக எழுதிவைத்த வாண்டர்பில்டில் 1970-இல் முதல் கருப்பின மருத்துவப் பட்டதாரியாக வெளியே வந்தவர் லீவை வாட்கின்ஸ். அவர் ஹாப்கின்ஸுக்கு வந்து, இதயத் துடிப்பைத் தானாகச் சீராக்கும் கருவியை 1980-இல் முதன்முதலாக ஒரு மனிதரின் உடம்பில் பொருத்தினார். சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்து கருப்பின மாணவர்களைத் தேடித் தேடிக் கொண்டுவந்தார். தாமஸுக்குக் கிடைத்த பட்டத்தைவிட இது பெரிய பரிசு என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று மருத்துவ நூல்களில் அந்த இணைப்பை 'ப்ளாலாக்–தாமஸ்–டாசிக்' என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஹாப்கின்ஸில் மாணவர்களைப் பிரித்துச் சேர்க்கும் நான்கு குழுமங்களில் ஒன்றுக்கு அவர் பெயர்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் ஹாமில்டன் நாகி என்பவர் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரராக நுழைந்து, ஆய்வகத்தில் அறுவை கற்று, மருத்துவர்களுக்கே சொல்லிக்கொடுத்தவர். 2003-இல் அதே பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் தந்தது. 2005-இல் அவர் இறந்தபோது, 1967-இல் நடந்த உலகின் முதல் இதய மாற்று அறுவையில் அவரும் இரகசியமாகப் பங்கேற்றார் என்று பெரிய பத்திரிகைகள் எழுதின. அது உண்மையில்லை என்று தெரிந்து பிறகு திருத்தம் போட்டன. நம் தோழர்களிலும் சிலர் அந்தக் கதையை இன்னும் சொல்கிறார்கள். வேண்டாம். அவர் உண்மையில் செய்ததே போதும். பொய்யைக் கலந்தால் உண்மையையும் சேர்த்துத் தள்ளிவிட எதிரிக்கு நாமே வழிசெய்து கொடுத்தவர்களாவோம்.

6

இங்கே நம் கதைக்கு வருவோம். 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா பிணத்தை அறுத்தார், சாதிக் கட்டை உடைத்தார் என்று மருத்துவ வரலாறு கொண்டாடுகிறது. துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் வங்கத்தில் பிணத்தைத் தொடுகிற வேலை காலங்காலமாக டோம் சாதியார் தலையில் கட்டப்பட்டிருந்தது. இன்றைக்கும் அங்கே பிணவறை ஊழியரை 'டோம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மேல்சாதி ஒருவர் ஒருநாள் தொட்டால் அது வரலாறு. இவர்கள் தினம் தினம் தொட்டது தீட்டு. கையும் புத்தகமும் சேர வேண்டிய இடம் மருத்துவக் கல்லூரி. சாதி அங்கேயும் கையை ஒரு சாதியிடமும் புத்தகத்தை இன்னொரு சாதியிடமும் பிரித்துக் கொடுத்தது.

ஆய்வுக் கட்டுரைக்குப் பதவி உயர்வு, பாடம் நடத்தினால் கைதட்டல் என்ற நிலை உலகமெங்கும் மருத்துவக் கல்லூரிகளில் உண்டு. அதை மாற்றத்தான் 2000-இல் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் மருத்துவ ஆசிரியர்களுக்கென்று ஓர் அவையம் அமைத்தது. வேறு கல்லூரிகளும் பின்பற்றின. கற்பித்தலுக்கென்று நிதி, நேரம், அங்கீகாரம். நல்ல காரியம். நம் நாட்டிலும் பதவி உயர்வுக்குக் கட்டுரைக் கணக்குக் கேட்கிறார்கள். பி.சி. ராய் பெயரிலான விருதில் சிறந்த மருத்துவ ஆசிரியருக்கென்று ஒரு பிரிவே உண்டாக்கினார்கள். ஆனால் இந்த ஏற்பாடுகள் எல்லாம் ஏற்கெனவே ஆசிரியர் பட்டியலில் இருப்பவருக்கு. பட்டியலுக்கு வெளியே நின்று சொல்லிக்கொடுக்கிற நுட்பர், செவிலியர், உடற்கூறு அறை ஊழியர் இவர்களைப் பற்றிக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

தாமஸ் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். வாயால் பாராட்டுவது வெகுமதி ஆகாது. செய்கிற வேலையின் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்தப் பெயருக்குரிய சம்பளம் வேண்டும். கட்டுரையில் பெயர் வேண்டும். அவர் பிள்ளைகள் அதே கல்லூரியில் மாணவராக நுழையக் கதவு திறந்திருக்க வேண்டும். இந்த நாலும் உயிரோடு இருக்கும்போதே வேண்டும்.

அப்பா அட்டெண்டராகவே ஓய்வு பெற்றார். பிரிவு உபசாரத்தில் ஒரு வேட்டி, துண்டு, கொஞ்சம் லட்டு. அவர் செத்தபோது வெள்ளைக் காரில் வயசான டாக்டர் ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். அதுவரைக்கும் எங்கள் தெருவுக்குள் அப்படி யாரும் வந்ததில்லை. அப்பா கையை எடுத்துக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். போகும்போது என்னிடம், "எனக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது இவர்தாம்பா" என்றார். 'இவர்' என்றார்.

நான் அவரிடம் ஒன்று கேட்க நினைத்தேன். கூட்டத்தில் கேட்க முடியவில்லை. அந்தப் பதினொரு பேரில் நீங்களும் ஒருத்தரா சார்?